தலையைப் பாருங்கள், ஆள் தானாக வருவார்: ஜாஸ், தொப்பி, சினிமா கலந்த க்விஸ் புதிர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோவையிலோ ஈரோட்டிலோ ஞாயிற்றுக்கிழமை க்விஸுக்குப் புதிதாகப் போகிறவர்களை மிரட்டும் கேள்வி ஒன்று அடிக்கடி வரும். திரையில் நாலு படம் போடுவார்கள். ஒருவர் சாக்ஸபோன் வைத்திருப்பார். இன்னொருவர் பழைய ஊமைப்பட நடிகர். மூன்றாவது ஒரு டிவி தொடரின் காட்சி. நாலாவது படத்தில் ஆளே இருக்காது, ஏதோ ஒரு இயந்திரம். "இந்த நாலையும் இணைப்பது எது?" என்று க்விஸ் மாஸ்டர் கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பார்.

ஜாஸ் என்ற அமெரிக்க இசையின் பெயர் காதில் விழுந்ததும் நம் பிள்ளைகள் பாதிப் பேர் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். பாட்டு ஒன்றுகூடக் கேட்டதில்லை, இதில் நமக்கென்ன வேலை என்ற எண்ணம். அந்தத் தயக்கம் தேவையில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இந்த வகைப் புதிரில் ஜாஸ் ஒரு கதவு மட்டும்தான். நேர்மையாகக் கேள்வி அமைக்கிறவர் இன்னும் மூன்று கதவுகளைத் திறந்தே வைத்திருப்பார். எந்தக் கதவு வழியாகப் போனாலும் நடுவில் இருப்பது பெரும்பாலும் ஒரு தொப்பி.

கேள்வி எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்வது முதல் வேலை. இணைப்புக் கேள்வியை, க்விஸ்காரர்கள் மொழியில் கனெக்ட்டை, பின்னாலிருந்துதான் அமைப்பார்கள். விடையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதைத் தொடுகிற ஆட்களையும் படங்களையும் தேடிச் சேர்ப்பார்கள். கடினமான குறிப்பு முதலில் வரும், எளிதானது கடைசியில். அதனால் முதல் படத்திலேயே மாட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். தெரிந்த படம் எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள். தெரிந்த ஆள் என்றால், அவரைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்ததை எழுதாமல், கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள். தலையில் என்ன, கையில் என்ன, கண்ணாடி உண்டா, தாடி எப்படி. வேறு யாராவது ஒருவரிடமும் அது இருந்தால் நூல் கிடைத்துவிட்டது.

தொப்பியின் பெயரை முதலில் படியுங்கள்

"தொப்பி" என்று பொதுவாகச் சொன்னால் மதிப்பெண் வராது. என்ன தொப்பி என்று கேட்பார்கள். ஐந்தாறு வகை தெரிந்தால் போதும்.

போர்க் பை: இந்த வகைப் புதிர்களில் மிக அதிகமாக வருவது இதுதான், ஆகவே இதை நன்றாகப் பார்த்து வையுங்கள். உச்சி தட்டையாக இருக்கும். அந்தத் தட்டையின் ஓரத்தைச் சுற்றி ஒரு பள்ளம் வளையமாக ஓடும். விளிம்பு குட்டை, லேசாக மேல்நோக்கி மடிந்திருக்கும். இங்கிலாந்தில் பன்றிக்கறியை மாவுக்குள் வைத்துச் சுட்டு விற்கும் "பை" என்ற தின்பண்டத்தின் மேல்மூடி அப்படித்தான் இருக்கும், பெயர் அதிலிருந்து வந்தது.

ஃபெடோரா: உச்சியில் நீளவாக்கில் ஒரு மடிப்பு, முன்பக்கம் இரண்டு பக்கமும் விரலால் கிள்ளிவிட்ட மாதிரி பள்ளம், அகலமான விளிம்பு. இண்டியானா ஜோன்ஸ் போட்டிருப்பதும், ஃபிராங்க் சினாட்ராவின் பழைய படங்களில் தலையில் சாய்ந்திருப்பதும் இதுதான். விளிம்பு குறுகி, பின்பக்கம் மேலே மடிந்திருந்தால் டிரில்பி. இந்த இரண்டு பெயருமே கதைகளில் வந்த பெண் பாத்திரங்களின் பெயர்கள். ஃபெடோரா 1882-இல் பாரிஸில் சாரா பெர்ன்ஹார்ட் நடித்த நாடகத்திலிருந்து வந்தது. டிரில்பி 1894-இல் வந்த ஒரு ஆங்கில நாவலிலிருந்து. கேள்வி அமைப்பவர்களுக்கு இது மிகவும் பிடித்த தகவல், எங்கேயாவது ஒரு வரியில் செருகிவிடுவார்கள்.

பௌலர் என்றால் கெட்டியான, உருண்டையான உச்சி. சாப்ளினை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரே: விளிம்பே இல்லாமல் தட்டையாக, மெத்தென்று தலையில் சாய்ந்து நிற்பது. திருப்பூர்க்காரர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. பெரே அடிப்படையில் ஒரு நிட்டிங் சரக்கு. கம்பளி நூலில் தேவைக்குப் பெரிதாகப் பின்னி, சுடுநீரிலும் சோப்பிலும் போட்டு அடித்து, வேண்டுமென்றே சுருங்க வைப்பார்கள். கண்ணிகள் ஒன்றோடொன்று இறுகிக் கெட்டித் துணி மாதிரி ஆகிவிடும். பனியன் கம்பெனியில் ஷ்ரிங்கேஜ் என்றாலே எல்லோரும் பதறுவார்கள், இங்கே அதுதான் தொழில்நுட்பம். இதை ஒரு முறை மனதில் வாங்கிக்கொண்டால் பெரே எந்தப் படத்தில் வந்தாலும் கண் தவறவிடாது.

ஜாஸ்காரர்களைத் தலையால் அடையாளம் காணுங்கள்

நூறு பேரைப் படிக்க வேண்டாம். தொப்பிப் புதிர்களில் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர்தான்.

முதலில் லெஸ்டர் யங். டெனர் சாக்ஸபோன் கலைஞர், 1909-இல் பிறந்து 1959 மார்ச்சில் நியூயார்க்கில் இறந்தார். போர்க் பை என்றால் இவர், இவர் என்றால் போர்க் பை. சாக்ஸபோனை நேராகப் பிடிக்காமல் ஒரு பக்கமாகத் தூக்கி, கிட்டத்தட்டப் படுக்கைவாக்கில் பிடித்து வாசிப்பார். தொப்பி தெரியாத படத்தில்கூட அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பாடகி பில்லி ஹாலிடே இவரை "ப்ரெஸ்" என்று அழைத்தார், பிரெசிடெண்ட் என்பதன் சுருக்கம். பதிலுக்கு "லேடி டே" என்று அவருக்குப் பெயர் வைத்தவர் இவர். இவர் இறந்து இரண்டு மாதம் ஆவதற்குள் பேஸ் கலைஞர் சார்ல்ஸ் மிங்கஸ் ஒரு அஞ்சலி இசையைப் பதிவு செய்தார். அதன் பெயர் "குட்பை போர்க் பை ஹேட்". 1976-இல் கிதார் கலைஞர் ஜெஃப் பெக் அதைத் தன் ஆல்பத்தில் வாசித்தார், 1979-இல் ஜோனி மிட்செல் அதற்கு வரிகள் எழுதிப் பாடினார். ஒரே தொப்பி மூன்று தலைமுறைக்குப் பயணம் செய்திருக்கிறது பாருங்கள். அந்த மிங்கஸ் பதிவை ஒரு இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். க்விஸுக்காக இல்லாவிட்டாலும் கேட்க வேண்டிய இசை அது. யாரோ நெருங்கியவர் வீட்டுத் துக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கனம் அந்த சாக்ஸபோன்களில் இருக்கும்.

ஹெர்மன் லியோனார்ட் என்ற புகைப்படக்காரர் லெஸ்டர் யங்கை அவர் இல்லாமலேயே எடுத்த படம் ஒன்று உண்டு: சாக்ஸபோன் பெட்டி மேல் அந்தத் தொப்பி, பக்கத்தில் ஒரு கோக் பாட்டில், அதன் வாயில் புகைந்துகொண்டிருக்கும் சிகரெட். இதைத் திரையில் போட்டு "யாருடைய உருவப்படம்?" என்று கேட்டால் தயங்காமல் எழுதலாம்.

அடுத்தவர் தெலோனியஸ் மங்க், பியானோ. இவருக்கு ஒரே தொப்பி என்று கிடையாது. ரோமத் தொப்பி, பெரே, ஆசியப் பாணிக் குல்லா என்று விதவிதமாகப் போடுவார், விரல்களில் பெரிய மோதிரங்களோடு வாசிப்பார், நடுவில் எழுந்து பியானோவைச் சுற்றி ஆடுவார். 1964 பிப்ரவரி 28 தேதியிட்ட டைம் இதழின் அட்டையில் வந்தார். அந்த அட்டை முந்தைய நவம்பரிலேயே வர வேண்டியது, கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதால் தள்ளிப்போனது. "ஒரு ஜனாதிபதியின் மரணத்தால் தாமதமான அட்டைப்படம்" என்று கேள்வி சுற்றி வளைத்து வந்தால் இவர்தான்.

டிஸ்ஸி கில்லெஸ்பி, ட்ரம்பெட். பெரே, தடித்த சட்டக் கண்ணாடி, கீழுதட்டுக்குக் கீழே குட்டித் தாடி, வாசிக்கும்போது பலூனாக ஊதும் கன்னம். அவருடைய ட்ரம்பெட்டின் வாய் மேல்நோக்கி வளைந்திருக்கும். 1953-இல் ஒரு விருந்தில் யாரோ அதன் மேல் விழுந்து வளைத்துவிட்டார்கள். அந்த ஓசை பிடித்துப்போய், பிறகு அப்படியே செய்யச் சொல்லி வாங்கிக்கொண்டார். 1964-இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நிற்பதாக அறிவித்து, ஜெயித்தால் வெள்ளை மாளிகையின் பெயரை "ப்ளூஸ் ஹவுஸ்" என்று மாற்றுவேன் என்றவரும் இவரே.

பாடகர் கேப் காலொவே என்றால் ஸூட் சூட் என்ற தொளதொள கோட்டும் அகல விளிம்புத் தொப்பியும். சன் ரா என்றால் எகிப்து மன்னர் பாணித் தலையணி. லூயி ஆம்ஸ்ட்ராங் படத்தில் தொப்பியைத் தேடாதீர்கள், அவருக்குக் கைக்குட்டைதான் அடையாளம். இன்றைய ஆட்களில் பாடகர் கிரெகரி போர்ட்டர்: தட்டைத் தொப்பி, கன்னத்தையும் தாடையையும் சேர்த்து மூடும் துணி. ஒரு முறை பார்த்தால் மறக்காது.

ஒரு கேள்வியை உட்கார்ந்து அவிழ்ப்போம்

மேலே சொன்ன நாலு படத்துக்கே வருவோம். பீளமேட்டில் ஒரு கல்லூரி அரங்கு, மூன்று பேர் கொண்ட புது அணி என்று வைத்துக்கொள்வோம். முதல் படம் லெஸ்டர் யங். இரண்டாவது பஸ்டர் கீட்டன். மூன்றாவது "பிரேக்கிங் பேட்" தொடரின் வால்டர் வைட், ஹைசன்பர்க் என்ற பெயரில் திரியும்போது எடுத்தது. நாலாவது ஒரு பழைய இதழின் அட்டை: இயந்திரக் குழாய்கள், அவற்றின் மேல் ஒரு தொப்பி.

"ஏனுங்ண்ணா, முதல் ஆளு யாருன்னே தெரியலைங்க."

"ஆளை விடு தம்பி, தலையைப் பாரு."

"மூணாவது ஹைசன்பர்க்குங்க. அவரு பிசிக்ஸ் விஞ்ஞானி. நாலாவதும் ஏதோ லேப் மாதிரி இருக்குதுங்க. அப்ப பிசிக்ஸா?"

"ரெண்டாவது ஆளு எப்பங்கண்ணு பிசிக்ஸ் படிச்சாரு? ஊமைப்பட நடிகருடா."

இந்தக் கடைசி வரிதான் புதிதாக வருகிறவர்கள் கற்க வேண்டிய பழக்கம். ஒரு யோசனை மூன்று குறிப்பில் பொருந்தி நாலாவதில் பொருந்தாவிட்டால் அந்த யோசனையைத் தூக்கிப்போட வேண்டும். இழுத்துப் பொருத்தக் கூடாது. நாலு படத்தையும் மறுபடி பார்த்தால் நாலிலும் அதே தட்டை உச்சி, அதே வளையப் பள்ளம். விடை போர்க் பை. நாலாவது படம் 1948 மே மாதம் வந்த "ஃபிசிக்ஸ் டுடே" இதழின் முதல் அட்டை. அணுகுண்டுத் திட்டத்தின் இயற்பியல் விஞ்ஞானி ராபர்ட் ஓப்பன்ஹைமர் அந்தத் தொப்பியோடு அவ்வளவு பிரபலமாக இருந்ததால், முகமும் பெயரும் இல்லாமல் தொப்பியை மட்டும் போட்டார்கள், படித்தவர்கள் புரிந்துகொண்டார்கள். 2023-இல் அவரைப் பற்றி வந்த படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த நிழலுருவம் நினைவிருக்கும். ஆக, ஜாஸே தெரியாதவர் சினிமா வழியாகவும், சினிமா பார்க்காதவர் இயற்பியல் வழியாகவும் உள்ளே வந்திருக்கலாம்.

வழுக்கி விடும் இடங்கள்

தொப்பி என்று தெரிந்த பிறகும் மூன்று இடத்தில் வழுக்கும்.

ஒன்று, வகை கேட்கிறார்களா, நிறுவனம் கேட்கிறார்களா என்பது. இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் சிப்பாய், ராப் பாடகர் எல்.எல். கூல் ஜே, நடிகர் சாமுவேல் ஜாக்சன், நம் கிரெகரி போர்ட்டர் என்று நாலு பேர் வந்தால் நாலு தொப்பியும் வேறு வேறு வடிவம். பெரேயும் உண்டு, குல்லாயும் உண்டு, தட்டைத் தொப்பியும் உண்டு. வடிவம் பொருந்தாதபோது தயாரித்தவரை யோசியுங்கள். விடை காங்கோல், 1938-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. போரில் படைக்கு பெரே கொடுத்தது. ஐந்தாவது குறிப்பாக ஒரு கங்காரு படம் போடுவார்கள். உடனே ஆஸ்திரேலியா என்று எழுதிவிடாதீர்கள், கங்காரு அந்த நிறுவனத்தின் முத்திரை.

இரண்டு, தொப்பி ஒரு முழு உடையின் பகுதியாக மட்டும் இருக்கலாம். கேப் காலொவேயின் 1943 படக்காட்சியும் ஜிம் கேரியின் 1994 "தி மாஸ்க்" மஞ்சள் உடையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் தொப்பியோடு நிற்காமல் கீழே வரை பாருங்கள். அங்கே விடை ஸூட் சூட்.

மூன்று, தலையில் போடாத தொப்பி. டிரம்ஸில் காலால் மிதித்துத் தட்டும் இரட்டைத் தாளத்தட்டுக்கு ஹை-ஹேட் என்று பெயர். அதைத் தாளத்தின் நடுமையம் ஆக்கியவர் என்று கவுண்ட் பேஸி குழுவின் ஜோ ஜோன்ஸைச் சொல்வார்கள். கிரிக்கெட்டில் ஹாட்ரிக் வந்ததும் ஒரு நிஜத் தொப்பியால்தான்: 1858-இல் ஹெச்.ஹெச். ஸ்டீபன்சன் மூன்று பந்தில் மூன்று விக்கெட் எடுத்ததற்கு வசூல் செய்து தொப்பி வாங்கிக் கொடுத்தார்கள். படத்தில் தொப்பியே இல்லாமல் ஒரு டிரம்மரும் ஒரு பந்துவீச்சாளரும் வந்தால் இந்தப் பக்கம் யோசியுங்கள்.

ஆம்ஸ்ட்ராங் வந்தால் தனியாக ஒரு சோதனை செய்யுங்கள்: ஜேம்ஸ் பாண்டா? 1969-இல் வந்த பாண்ட் படத்துக்கு அவர் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். பக்கத்தில் எஃகு விளிம்பு வைத்த தொப்பியை வீசிச் சிலையின் தலையை வெட்டும் வில்லனின் அடியாள் ஆட்ஜாப் நின்றால், அது 1964-இன் "கோல்டுஃபிங்கர்". தொப்பி வெறும் வழிகாட்டிப் பலகை, ஊர் பாண்ட்.

அரங்கில் எப்படி நடந்துகொள்வது

எழுத்துச் சுற்றில் பெரும்பாலும் தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், அறிவிப்பைக் கேட்டு உறுதி செய்துகொண்டு எதையும் காலியாக விடாதீர்கள். படங்கள் ஒவ்வொன்றாக வரும் நீள கனெக்டில் முதல் படத்திலேயே சொன்னால் மதிப்பெண் அதிகம், போகப் போகக் குறையும், தவறினால் கழியும். புது அணிக்கு என் யோசனை: மூன்றாவது படம் வரை பொறுங்கள். அதற்குள் அணியில் ஒருவர் தலைகளை மட்டும் பார்க்கட்டும், ஒருவர் ஆண்டுகளையும் எழுத்துகளையும் பார்க்கட்டும், ஒருவர் முந்தைய யோசனைகளை எழுதிப் பொருந்தாததை அடிக்கட்டும். எல்லோரும் ஒரே படத்தை முறைத்துக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும். கேள்வி வாசகத்தில் வரும் "பியானோ", "அட்டை", "முதல் இதழ்" போன்ற சாதாரணச் சொல்லையும் விடாதீர்கள். தேவையில்லாத சொல்லை க்விஸ் மாஸ்டர் போட மாட்டார்.

அவிழ்க்கக் கற்க, முடிச்சுப் போடுங்கள்

வேகமாகத் தேற வேண்டுமானால் நீங்களே கேள்வி அமைக்க வேண்டும். இதைவிட நல்ல பயிற்சி நான் பார்த்ததில்லை. நம் பக்கத்துச் சரக்கே ஏராளமாக இருக்கிறது. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படமான "ராஜகுமாரி" 1947-இல் வந்தது, எடுக்கப்பட்டது கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில். 1954-இன் "மலைக்கள்ளன்" கோவை பட்சிராஜாவின் படம், கதை நாமக்கல் கவிஞருடையது. இந்த இரண்டையும் கடினக் குறிப்புகளாக வைத்து, கடைசியில் ஒரு வெள்ளைத் தொப்பியையும் கருப்புக் கண்ணாடியையும் மட்டும் வரைந்து காட்டினால், ஓப்பன்ஹைமர் அட்டையின் அதே தந்திரம் நம் ஊரில் வேலை செய்யும்.

ஜாஸ் பக்கம் கதவு வேண்டுமா, பழனி இருக்கிறது. 1958-இல் டேவ் ப்ரூபெக் என்ற அமெரிக்கப் பியானோ கலைஞர் சென்னைக்கு வந்தபோது பழனி சுப்ரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு சேர்ந்து வாசித்தார். அடுத்த ஆண்டு அவருடைய குழு பதிவு செய்த "டேக் ஃபைவ்" ஐந்து எண்ணிக்கையில் ஓடுவது. சாக்ஸபோனுக்கு "டூயட்" படத்தில், 1994-இல், வாசித்த கத்ரி கோபால்நாத்தை வைக்கலாம். கடினமானது முன்னால், நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரிந்தது பின்னால் என்று அடுக்குங்கள். பிறகு ஜாஸ் கேட்காத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் கடைசிக் குறிப்பிலாவது விடைக்கு வந்தால் கேள்வி நன்றாக இருக்கிறது. வரவில்லை என்றால் இன்னொரு கதவு திறக்க வேண்டும்.

அப்புறம், தகவலை இரண்டு இடத்திலாவது சரிபார்த்துவிட்டு எழுதுங்கள். டிஸ்னியின் 1967 "ஜங்கிள் புக்"கில் பாடும் கிங் லூயி குரங்குக்குக் குரல் கொடுத்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங் என்று பலர் நம்புகிறார்கள். கொடுத்தவர் லூயி ப்ரிமா, அவரும் ட்ரம்பெட்காரர். இப்படி ஒரு பிழையோடு கேள்வி அரங்குக்குப் போனால், சரியான விடை எழுதிய அணி மதிப்பெண்ணை இழந்துவிடும். படத்தின் பெயர்ப்பட்டியலை ஒரு முறை ஓடவிட்டுப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.